சில்வண்டுகள் கத்திய காலை

எங்கள் வீட்டில் ஒரு கட்டத்தில் பேச்சு மிகவும் குறைந்துவிட்டது. சண்டை என்று சொல்ல முடியாது. என் மனைவி ஏதாவது சொல்வாள். நான் "என்ன?" என்பேன். அவள் இன்னொரு முறை சொல்வாள். நான் மறுபடியும் "என்ன?" என்பேன். "ஒண்ணுமில்ல, விடுங்க" என்று எழுந்து போய்விடுவாள். அவள் வாய்க்குள்ளேயே பேசப் பழகிவிட்டாள் என்பது என் எண்ணம். ஆபீஸில் நாள் முழுக்கக் குனிந்து ஃபைல் பார்ப்பதால் குரல் அப்படி அமுங்கிவிட்டது என்று நானே ஒரு காரணமும் கண்டுபிடித்து வைத்திருந்தேன். அவள் என்ன நினைத்துக்கொண்டிருந்தாள் என்று நான் கேட்டதே இல்லை.

நான் ஜங்லிகாட்டில் படகு எஞ்சின் பட்டறை வைத்திருக்கிறேன். டிங்கி என்கிற சின்னப் படகில் மாட்டும் எஞ்சின் முதல் மீன்பிடிப் படகின் பெரிய டீசல் எஞ்சின் வரை எல்லாம் வரும். அப்பா ராமநாதபுரம் பக்கத்திலிருந்து துறைமுக வேலைக்காகக் கப்பலேறி இந்தத் தீவுக்கு வந்தவர். நான் பிறந்தது இங்கேதான். ஆனாலும் காட்டுக்குள் ஒரு நாள்கூட நடந்தது கிடையாது. தீவுக்காரர்கள் பலர் அப்படித்தான். மெயின்லேண்டிலிருந்து சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் நான்கே நாளில் எல்லாவற்றையும் பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். நமக்குக் கப்பல் எப்போது வரும், காய்கறி இறங்கியதா, கரண்ட் இருக்குமா என்பதிலேயே வருடம் ஓடிவிடும்.

என் மனைவிக்குச் சொந்த ஊர் சிவகங்கை. கல்யாணமாகி இங்கே வந்து இருபத்து நான்கு வருடம் ஆகிறது. அரசு அலுவலகம் ஒன்றில் கிளார்க். கொஞ்ச காலமாக அவளுக்குப் பறவைகள் மேல் ஒரு பைத்தியம் பிடித்திருந்தது. வீட்டுக்குப் பின்னால் இருக்கும் கொய்யா மரத்துக்கு நீண்ட வாலோடு ஒரு பறவை வந்து போய்க்கொண்டிருந்தது. அதன் பெயர் என்ன என்று ஆபீஸில் விசாரிக்கப் போய், யாரோ ஒரு படப் புத்தகம் கொடுக்க, அதிலிருந்து தொடங்கியது. அவளும் ஆபீஸ் தோழிகள் மூன்று பேரும் சேர்ந்து, பாம்பூஃப்ளாட்டுக்கு மேலே இருக்கும் மலைக்காட்டில் ஒரு வழிகாட்டியோடு நடக்க ஏற்பாடு செய்திருந்தார்கள். அது மே மாதம், மழை ஆரம்பிக்கப்போகும் வாரம். முந்தின நாள் சாயங்காலம் மூன்று தோழிகளும் ஒருவர் பின் ஒருவராக வர முடியாது என்று சொல்லிவிட்டார்கள்.

நான் டி.வி. பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் ஏதோ சொன்னாள். "என்ன?" என்றேன். ரிமோட்டை எடுத்து டி.வி.யை அணைத்தாள். எனக்கு நேர் எதிரே வந்து நின்றாள்.

"நாளைக்குக் காலையில என்கூட மலைக்கு வர்றீங்களா?"

"வர்றேன்" என்றேன். எனக்கே ஆச்சரியம். அவள் அப்படி எதிரே வந்து நின்று எதையும் கேட்டு வெகுநாள் ஆகியிருந்தது.

இங்கே மே மாதத்தில் ஐந்து மணிக்கெல்லாம் பளீரென்று விடிந்துவிடும். சாத்தம் படகுத்துறையில் ஸ்கூட்டரோடு ஃபெர்ரியில் ஏறி, பாம்பூஃப்ளாட்டில் இறங்கி, வீடுகளும் பாக்குத் தோட்டங்களும் முடியும் இடத்தைத் தாண்டி மேலே போனோம். கீழே வெயில் அடித்தது. மலையின் தலையில் மட்டும் மேகம் உட்கார்ந்திருந்தது. வன அலுவலகத்தின் கேட் அருகே வழிகாட்டி எங்களுக்காகக் காத்திருந்தார்.

ஒரு பெண். முப்பத்தைந்து வயதிருக்கும். குள்ளமான, உறுதியான உடல். முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ், தலையில் இறுக்கிக் கட்டிய துணி, கழுத்தில் பைனாகுலர். அவருடைய தாத்தாவை மரம் வெட்டுகிற வேலைக்காக ராஞ்சிப் பக்கத்திலிருந்து கப்பலில் கொண்டுவந்திருக்கிறார்கள். அப்படி வந்தவர்களின் குடும்பங்களை இங்கே எல்லாரும் ராஞ்சிக்காரர்கள் என்றுதான் சொல்வோம். எங்கள் தீவில் வேற்று மொழிக்காரர்களோடு பேசுவது ஹிந்தியில். ஆண்பால், பெண்பால் எதற்கும் கவலைப்படாத தீவு ஹிந்தி. அதில்தான் அவரும் பேசினார். ஆனால் தமிழர்கள் என்று தெரிந்ததும் என்னை "அண்ணா" என்றும் என் மனைவியை "அக்கா" என்றும் அழைத்தார்.

"தாத்தா வெட்டினார். நான் மிச்சம் இருக்கிறதைக் காட்டுறேன்" என்று சிரித்தார். பிறகு ஹிந்தியிலேயே நடக்கும் விதத்தைச் சொன்னார். சத்தமாகப் பேசக் கூடாது. எதையும் பிடிக்கும் முன் பார்த்துவிட்டுப் பிடிக்க வேண்டும். அவர் கையைத் தூக்கினால் அப்படியே நின்றுவிட வேண்டும்.

கேட்டைத் தாண்டுவதற்கு முன்பே அவர் ஒரு தாழம்புதரின் பக்கம் போய் விரலை நீட்டினார். இலையின் நடு நரம்பில் ஒரு பல்லி. வீட்டுச் சுவரில் இருக்கும் சாம்பல் பல்லி இல்லை. புது பெயிண்ட் அடித்த மாதிரி அப்படி ஒரு பச்சை. முதுகில் சிவப்புப் புள்ளிகள். கழுத்துப் பக்கம் அந்தப் பச்சை மெல்ல மஞ்சளாக மாறியது. "மற்ற பல்லியெல்லாம் ராத்திரி வேலை. இது மட்டும் பகல் ட்யூட்டி" என்றார். ஐம்பத்திரண்டு வயது வரை இந்தத் தீவில் இருந்திருக்கிறேன், இப்படி ஒரு பல்லி இருப்பது தெரியாது. நான் அதை விட்டு நகரவே இல்லை. மனைவி கையைப் பிடித்து இழுக்க வேண்டியிருந்தது.

உள்ளே போனதும் வெளிச்சம் குறைந்தது. குர்ஜன் மரங்கள் கிளையே இல்லாமல் நேராக மேலே போயிருந்தன. எங்கோ உயரத்தில் போய்த்தான் குடை விரித்தன. அவற்றின் அடியில் ஆள் உயரத்துக்குப் பலகை பலகையாக வேர்கள். பிரம்புக்கொடி ஒரு மரத்திலிருந்து இன்னொன்றுக்குத் தொங்கியது. தரையெல்லாம் ஈர இலை.

அந்தப் பெண் வேலை செய்த விதம் எனக்கு மிகவும் பிடித்துப்போனது. நடந்துகொண்டே இருப்பார். திடீரென்று நிற்பார். தலையைக் கொஞ்சம் சாய்ப்பார். பிறகு ஒரு இடத்தைக் காட்டுவார். அங்கே ஒன்றுமே இருக்காது. நாங்கள் பார்த்துக்கொண்டே இருக்கும்போது அதே இடத்தில் ஒரு பறவை வந்து உட்காரும். வாலின் இரண்டு ஓரத்திலும் நீண்ட கம்பி, கம்பியின் நுனியில் துடுப்பு மாதிரி இறகு கொண்ட ஒரு கரிச்சான் அப்படித்தான் வந்தது. அதன் பின்னாலேயே ஆரஞ்சு நிறத்தில் மின்சிட்டுகள். அவற்றுக்குப் பின்னால் எங்கள் கொய்யா மரத்துக்கு வந்த அதே வால்காக்கை. என் மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள்.

"எல்லாம் ஒரே கூட்டம்" என்றார் வழிகாட்டி. "கரிச்சான் லீடர். மற்றவை இலையைக் கிளறும். பயந்து பறக்கிற பூச்சியைக் கரிச்சான் பிடிக்கும்."

இதை அவர் என் முகத்தைப் பார்த்துச் சொன்னதால் எனக்குப் புரிந்தது. மற்றபடி அவர்கள் இருவரும் முன்னால் குசுகுசுவென்று பேசிக்கொண்டு போனதில் ஒன்றும் எனக்கு விழவில்லை. சத்தமில்லாமல் பேச வேண்டும் என்றுதானே சொன்னார்கள், அதனால்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு மணி நேரம் நடந்த பிறகு பாதை அகலமாக, சமமாக இருந்தது. மனைவியின் காலில் ஒரு அட்டை ஏறியிருந்தது. வழிகாட்டி குனிந்து அதை நகத்தால் சுண்டி எடுத்துக்கொண்டிருந்தார். நான் மேலே பார்த்தபடி கொஞ்சம் முன்னால் போய்விட்டேன். ஒரு வளைவு. திரும்பப் போகிறேன். பின்னாலிருந்து யாரோ என் சட்டைக் காலரைப் பிடித்து வெடுக்கென்று இழுத்தார்கள். கிட்டத்தட்ட மல்லாந்து விழுந்தேன்.

அவர்தான். மூச்சு வாங்கியது. கையை நீட்டிக் காட்டினார். என் இடுப்பு உயரத்தில், பாதையோரம் சாய்ந்திருந்த பிரம்பின் மேல், ஒரு பாம்பு சுருண்டு கிடந்தது. காய்ந்த இலையின் பழுப்பு நிறம். முக்கோணத் தலை. கண்ணுக்கும் மூக்குக்கும் நடுவில் சின்னக் குழி.

"குழிவிரியன்" என்றார். "அது பாட்டுக்குத் தூங்குது. கை பட்டிருந்தால்தான் தப்பு."

மனைவி ஓடி வந்தாள். பயத்தில் அவள் குரல் ஏறிவிட்டது. அதனால் அது எனக்கு நன்றாகவே கேட்டது.

"அவங்க மூணு தடவை கூப்பிட்டாங்க! 'ருக்கோ, ருக்கோ'ன்னு. கூப்பிட்டா நிக்க மாட்டீங்களா நீங்க? யார் கூப்பிட்டாலும் நிக்க மாட்டீங்களா?"

"மரத்தைப் பார்த்துட்டே போய்ட்டேன்மா" என்றேன்.

 வழிகாட்டி என்னை ஒரு மாதிரி பார்த்தார். கோபம் இல்லை. நான் பட்டறையில் ஒரு எஞ்சினின் முன் நின்று, தப்பு எந்தப் பக்கம் என்று யோசிப்பேனே, அந்தப் பார்வை.

பாம்பைச் சுற்றிக்கொண்டு போனோம். தூரத்தில் நின்று பைனாகுலரில் அதைப் பார்க்கச் சொன்னார். பயம் போன பிறகு பார்த்தால், அத்தனை அழகு. ஒவ்வொரு செதிலும் தனித்தனியாக அடுக்கி வைத்தது மாதிரி இருந்தது. அதைச் சொன்னேன். மனைவி காதில் வாங்காதது போல் நடந்தாள்.

மேட்டின் உச்சியில் ஒரு பாறை. அங்கே உட்காரச் சொன்னார். கீழே கடல் தெரிய வேண்டும். ஆனால் அப்போது மேகம் உள்ளே வந்துவிட்டது. முதலில் தூரத்து மரங்கள் போயின. பிறகு பக்கத்து மரங்கள். இலைகளிலிருந்து நீர் சொட்டத் தொடங்கியது. கை மயிரெல்லாம் ஈரம். எனக்கு அப்படி ஒரு நிறைவு. பட்டறையில் இருபத்தேழு வருடம் எஞ்சின் இரைச்சலில் இருந்தவனுக்கு அந்த இடம் ஒரு கோயில் மாதிரி இருந்தது.

"எவ்வளவு அமைதியா இருக்கு, பாரு" என்றேன்.

 திரும்பிப் பார்த்தேன். என் மனைவி இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டிருந்தாள். கையை எடுக்காமல் என்னையே பார்த்தாள்.

"என்ன சொன்னீங்க?"

"அமைதியா இருக்குன்னேன்."

அவள் மெல்லக் கையைக் கீழே இறக்கினாள். வழிகாட்டி என் முன்னால் வந்து குந்தி உட்கார்ந்தார். "அண்ணா, சில்வண்டு கத்துறது உங்களுக்குக் கேட்கலையா?"

"எந்தச் சில்வண்டு?"

"இந்த மலை முழுக்க" என்றார். "ஆயிரக்கணக்கில். நாம கேட்டைத் தாண்டின நிமிஷத்திலிருந்து கத்துது. அதனாலதான் நான் அக்காவிடம் காதுப் பக்கம் போய்ப் பேசிட்டு வந்தேன்."

எனக்கு இலையிலிருந்து நீர் சொட்டும் சத்தம் கேட்டது. வேறொன்றும் இல்லை. அவர்கள் இருவரும் சேர்ந்து என்னைக் கேலி செய்கிறார்கள் என்று ஒரு கணம் நினைத்தேன். என் மனைவியின் முகத்தைப் பார்த்தேன். அது கேலி செய்கிற முகம் இல்லை.

வழிகாட்டி என்னைக் கண்ணை மூடச் சொன்னார். "நான் சத்தம் கொடுப்பேன். கேட்டால் கையைத் தூக்குங்க, அவ்வளவுதான்." நான் கண்ணை மூடினேன். கைதட்டல் கேட்டது. கை தூக்கினேன். காட்டுப் புறாவைப் போல 'வூம்' என்று அடிவயிற்றிலிருந்து ஒரு சத்தம். அதுவும் கேட்டது. பிறகு நீண்ட நேரம் ஒன்றும் வரவில்லை. எதற்கு இவ்வளவு நேரம் எடுக்கிறார் என்று நினைத்துக் கண்ணைத் திறந்தேன். அவர் என் வலது காதுக்கு ஒரு அடி தூரத்தில் உதட்டைக் குவித்துச் சீட்டியடித்துக்கொண்டிருந்தார். கன்னம் உப்பியிருந்தது. சத்தமே இல்லை.

"எத்தனை தடவை?" என்று கேட்டேன்.

"ஏழு பறவையோட குரல் பண்ணினேன், அண்ணா."

அந்த இடத்தில் நான் சிரித்திருக்க வேண்டும், இல்லை அழுதிருக்க வேண்டும். ஆனால் இரண்டு கையையும் முழங்காலில் வைத்து உட்கார்ந்திருந்தேன். மனைவி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். தமிழில், என் முகத்தைப் பார்த்து, ஒவ்வொரு சொல்லாகக் கேட்டாள்.

"மூணு வருஷத்துக்கு முன்னாடி நான் பின்பக்கம் குழாயடியில வழுக்கி விழுந்தேனே, ஞாபகம் இருக்கா?"

"இருக்கு. கணுக்கால் வீங்கிடுச்சே."

"நான் விழுந்ததும் உங்களைக் கூப்பிட்டேன். நீங்க முன் ரூம்ல பேப்பர் படிச்சிட்டு இருந்தீங்க. ஜன்னல் வழியா உங்க கால் தெரிஞ்சுது. கூப்பிட்டுக்கிட்டே இருந்தேன். நீங்க காலைக்கூட அசைக்கல. அன்னைக்குக் காலையில நமக்குள்ள சண்டை. அந்தக் கோபத்துல வராம இருக்கீங்கன்னு நெனச்சேன்."

"எனக்குக் கேக்கவே இல்லம்மா."

"தெரியுது. இப்பத்தான் தெரியுது." அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். "மூணு வருஷமா அதை வச்சுக்கிட்டு இருந்தேன்."

அன்று நான் எழுந்து பின்பக்கம் போனது டீ கேட்பதற்காக. அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு தானாகவே எழுந்து நின்றிருந்தாள். 'என்னாச்சு?' என்று கேட்டேன். 'ஒண்ணுமில்ல' என்றாள். அந்த 'ஒண்ணுமில்ல'வுக்கு உள்ளே இவ்வளவு இருந்தது எனக்குத் தெரியாமல் போயிற்று.

வழிகாட்டிக்குத் தமிழ் அதிகம் தெரியாது. என்ன பேசினோம் என்று அவர் கேட்கவும் இல்லை. கொஞ்ச தூரம் தள்ளிப் போய், முதுகைக் காட்டி நின்று, மேகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவசரப்படுத்தவில்லை. நாங்கள் எழுந்ததும் திரும்பி வந்து, ஒன்றும் நடக்காதது போல, "சரி அண்ணா, இனிமே நாம வேற மாதிரி பார்ப்போம்" என்றார்.

அதன் பிறகு அவர் காட்டிய விதமே மாறிவிட்டது. நான் இருபத்தேழு வருடம் கஸ்டமர்களோடு பழகியவன். ஒருவருடைய வசதிக்கு ஏற்ப வேலையை மாற்றிக்கொள்கிறவர்கள் எத்தனை அரிது என்று எனக்குத் தெரியும். என்னைத் தனக்கு அடுத்ததாக நடக்கச் சொன்னார். பறவை இருந்தால் முழங்கையைத் தொட்டார். மரத்தைக் கடிகாரமாக நினைத்துக்கொள்ளச் சொல்லி, விரலால் இரண்டு மணி, பத்து மணி என்று காட்டினார். காற்றில் ஆடும் இலை எல்லா இலையோடும் சேர்ந்து ஆடும், பறவை உட்கார்ந்து எழுந்த இலை தனியாக ஆடும், அதை மட்டும் பாருங்கள் என்றார். பத்து நிமிடத்தில் பிடிபட்டுவிட்டது. தனியாக ஆடிய ஒரு இலைக்குப் பின்னால், என் கட்டைவிரல் அளவே இருந்த ஒரு குருவியை நானே முதலில் பார்த்தேன். இருவருக்கும் காட்டினேன். "ஷாபாஷ்!" என்றார். பள்ளிக்கூடத்தில்கூட எனக்கு யாரும் அப்படிச் சொன்னதில்லை.

மேகம் கொஞ்சம் விலகியபோது, பட்டுப்போன ஒரு குர்ஜன் மரத்தின் அருகே கை தூக்கினார். மூவரும் நின்றோம். "டக், டக், டக்." இது எனக்கே கேட்டது. அந்தச் சந்தோஷத்தை என்னால் சொல்ல முடியாது. மனைவியைப் பார்த்துத் தலையாட்டினேன். மேலே, பட்டை உரிந்த இடத்தில், காகத்தைவிட மெலிந்த, நீண்ட கழுத்துள்ள ஒரு பறவை. உடம்பு முழுக்கக் கருப்பு. தலையில் தீ வைத்தது போலச் சிவப்புக் கொண்டை. வெளிறிய கண். உலகத்தில் இந்தத் தீவுகளை விட்டால் வேறெங்கும் இந்த மரங்கொத்தி கிடையாது என்று வழிகாட்டி என் கையைத் தொட்டுத் திருப்பி, முகத்தைப் பார்த்துச் சொன்னார்.

எனக்கு ஒரு யோசனை வந்தது. எஞ்சினில் எந்த பேரிங் தேய்ந்திருக்கிறது என்று பார்க்க நாங்கள் ஒன்று செய்வோம். நீளமான ஸ்க்ரூடிரைவரின் நுனியை எஞ்சின் மேல் ஊன்றி, பிடியைக் காதுக்குப் பின்னால் எலும்பில் அழுத்திக்கொள்வோம். உள்ளே நடப்பது எல்லாம் தலைக்குள் வரும். கையில், நடப்பதற்காக வழிகாட்டி காலையில் கொடுத்த தடி இருந்தது. அடிமேல் அடி வைத்து அந்த மரத்தின் பலகை வேருக்குப் போனேன். தடியின் ஒரு நுனியை வேரில் ஊன்றினேன். இன்னொரு நுனியைக் காதெலும்பில் வைத்தேன்.

மரங்கொத்தி என் மண்டைக்குள்ளேயே கொத்தியது. அதுமட்டும் இல்லை. கொத்துவதை நிறுத்திய பிறகும் சத்தம் வந்தது. நகங்கள் மரத்தைப் பற்றி மாற்றிப் பற்றும் சரசரப்பு. பட்டையை அலகால் நெம்பி உரிக்கும் ஒரு கரகரப்பு. ஒரு சின்ன இடைவெளி. மறுபடியும் நகம். அது எப்படி ஏறுகிறது, எந்த இடத்தில் நிற்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்ல முடிந்தது.

வழிகாட்டி வந்து என்ன என்று சைகையில் கேட்டார். தடியைக் கொடுத்தேன். வைத்துப் பார்த்தார். கண் அப்படியே விரிந்தது. அந்த மலையில் எத்தனை வருடம் நடந்திருப்பாரோ, அந்தச் சத்தத்தை அவர் கேட்டதே இல்லை. தடியை என் மனைவியிடம் கொடுத்தார். அவள் கேட்டுவிட்டு என்னிடம் திருப்பிக் கொடுத்தாள். மூன்று பேரும் மாறி மாறி வேரோடு காதை ஒட்டி நின்றோம். யாராவது பார்த்திருந்தால் பைத்தியங்கள் என்று நினைத்திருப்பார்கள். பறவைக்கு எங்களைப் பற்றிக் கவலையே இல்லை. கால் மணி நேரம் வேலை பார்த்துவிட்டு, நிதானமாகப் பறந்துபோனது.

இறங்கும் வழியில் இன்னொன்றைக் காட்டினார். இரண்டு வேர்கள் சேரும் இடத்தில் ஒரு குழி, குழியில் மழைத்தண்ணீர். ஃபோன் வெளிச்சத்தை உள்ளே அடித்தார். தண்ணீருக்கு மேலே, குழியின் உள்சுவரில், ஜவ்வரிசி போல முட்டைகள் ஒட்டியிருந்தன. பக்கத்தில் என் பெருவிரல் நகத்தை விடக் கொஞ்சம் பெரிய ஒரு தவளை. இந்தத் தவளை சுவரில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டுதான் முட்டையிடும் என்றார். குஞ்சுகள் பொரிந்ததும் நேராகத் தண்ணீருக்குள் விழும். ஒரு சொம்புத் தண்ணீர்கூட இராது. அதற்குள் ஒரு குடும்பம். "மரம் விழுந்தால் இதுவும் போச்சு" என்று மட்டும் சொன்னார். விளக்கை உடனே அணைத்தார். தவளையை அதிகம் தொந்தரவு செய்யக் கூடாதாம்.

ஃபெர்ரியில் திரும்பும்போது எஞ்சின் இரைச்சலில் ஒன்றும் பேச முடியவில்லை. மனைவி என் கையைப் பிடித்து, உள்ளங்கையில் விரலால் ஒவ்வொரு எழுத்தாக எழுதினாள். 'ப', 'சி' என்றதும் புரிந்துவிட்டது. இருவருக்கும் நல்ல பசி. சாத்தமில் இறங்கியதும் இட்லி சாப்பிட்டோம்.

மறுவாரம் ஆஸ்பத்திரிக்குப் போனோம். கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, காதில் ஹெட்போன் மாட்டி, சத்தம் கேட்டால் பட்டனை அழுத்தச் சொன்னார்கள். முடிந்ததும் ஒரு கோடு போட்ட காகிதத்தைக் காட்டினார்கள். கோடு பாதி வரை சமமாக வந்து, பிறகு படகுத்துறையிலிருந்து கடலில் குதித்த மாதிரி செங்குத்தாக இறங்கியது. எஞ்சின் சத்தத்தில் போனது, மெல்ல மெல்லப் போயிருக்கிறது, திரும்ப வராது என்றார் டாக்டர். கீச்சென்ற சத்தமும் பெண்களின் குரலும்தான் முதலில் போகுமாம். என் மனைவி அந்தக் காகிதத்தை மடித்துத் தன் கைப்பையில் வைத்துக்கொண்டாள். 

காது மெஷின் மெயின்லேண்டிலிருந்து வர ஒரு மாதம் ஆனது. முதல் நாள் நரகம். பாலிதீன் கவர் கசங்கினால் தகரம் கிழிகிற மாதிரி இருந்தது. என் செருப்புச் சத்தத்துக்கே நான் திரும்பிப் பார்த்தேன். கழற்றி எறிந்துவிடலாம் என்று நினைத்துக்கொண்டிருந்தபோது, சமையலறையிலிருந்து அவள் சாதாரணக் குரலில், "உப்பு அந்தப் பையில இருக்கா பாருங்க" என்றாள். "இருக்கு" என்றேன். உள்ளே பாத்திரச் சத்தம் நின்றது. அவள் கரண்டியோடு வாசற்படி வரை வந்து, என்னை எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனாள். மெஷினை நான் கழற்றவில்லை. பட்டறையில் என்னோடு வேலை செய்யும் இரண்டு மெக்கானிக்குகளுக்கும் காதுக் கவசம் வாங்கிப் போட்டிருக்கிறேன். வேர்க்கிறது என்று தினமும் முணுமுணுக்கிறார்கள். முணுமுணுப்பது நன்றாகவே கேட்கிறது.

மழை முடிந்து, ஜனவரியில் மறுபடியும் மலைக்குப் போனோம். சில்வண்டுகள் அப்போது அவ்வளவாக இல்லை. அதற்குள் என் மனைவியும் வழிகாட்டியும் ஃபோனில் படம் அனுப்பிப் பேசிக்கொள்ளும் அளவுக்கு நெருங்கிவிட்டார்கள். பாறைக்குக் கொஞ்சம் கீழே, ஒரு காய்ந்த கிளையில், பாம்புக்கழுகு ஒன்று இறகை விரித்து ஈரம் காயவைத்துக்கொண்டிருந்தது. அது முழுதாக வளர்ந்ததா, இன்னும் இளசா என்று இருவருக்கும் தகராறு. "கழுத்தைப் பாரு, இன்னும் வெளுப்பா இருக்கு, இது இளசு" என்றாள் என் மனைவி. "நஹி அக்கா, அது வெயில் பட்டு அப்படித் தெரியுது" என்றார் அவர். புத்தகத்தைப் புரட்டினார்கள். பைனாகுலரை மாற்றி மாற்றிப் பிடுங்கிக்கொண்டார்கள்.

நான் பையைத் திறந்து பூரியையும் உருளைக்கிழங்கையும் பாறையில் எடுத்து வைத்தேன். கழுகு ஒரு இறக்கையை மடக்கி, இன்னொன்றை விரித்தது. அவர்கள் சாப்பிட வருவதற்கு அரை மணி நேரம் ஆனது. இளசுதான் என்று வழிகாட்டி ஒப்புக்கொண்ட பிறகுதான் வந்தார்கள்.